தாத்தா வீட்டை இடிக்கப் போகிறோம்: மரமும் ஓடும் செங்கல்லும் வீணாகாமல் யாருக்காவது போய்ச் சேர என்ன வழி?

பாபநாசம்_மீனா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் தாத்தா கட்டிய வீடு இருக்கிறது. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அதற்குப் பின்னால் இன்னொரு கட்டு. முன்கட்டுக்கு மேலே மெட்ராஸ் டெரஸ் (மரச்சட்டத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட தட்டையான மாடி), பின்கட்டு முழுக்கச் சீமை ஓடு. பல வருடமாக யாரும் குடியில்லை. போன மழையில் பின்கட்டுச் சுவர் ஒன்று சாய்ந்துவிட்டது. பழுது பார்த்துக் காப்பாற்ற முடியுமா என்று பொறியாளர் ஒருவரைக் கூட்டி வந்து காட்டினோம். அஸ்திவாரமே ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது என்றார். அதனால் இடிப்பது என்று அண்ணன்களும் நானும் முடிவு செய்துவிட்டோம்.

இடிப்பு காண்ட்ராக்டர் ஒருவர் வந்து சுற்றிப் பார்த்தார். "நீங்க ஒண்ணும் தர வேணாம்மா, நான்தான் உங்களுக்குப் பணம் கட்டுவேன். ஜேசிபி விட்டா மூணே நாள், தரைமட்டம்" என்றார். அண்ணன்களுக்கு அது சரியாகப் பட்டது. எனக்கு மனம் ஒப்பவில்லை. கூடத்துத் தூண்கள், உத்திரங்கள், பதினைந்துக்கு மேற்பட்ட ஜன்னல்கள், நிலைக்கதவுகள், கருங்கல் படிகள், பின்கட்டு ஓடு எல்லாம் நல்ல நிலையில்தான் இருக்கின்றன. அதே தெருவின் கடைசியில் தார்ப்பாயை மேலே போட்டுக்கொண்டு குடும்பங்கள் இருக்கின்றன. கதவில்லாத கழிவறையோடு ஒரு பள்ளிக்கூடமும் இருக்கிறது. இந்தப் பொருளெல்லாம் அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். எங்கிருந்து தொடங்குவது? இதைச் செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கொத்தனார்மகன் எழுதியது:

மீனா அக்கா, முதலில் அந்த காண்ட்ராக்டர் ஏன் உங்களுக்குப் பணம் தருகிறார் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். பழைய வீட்டை இடிப்பவருக்கு வருமானமே உள்ளே இருக்கும் மரம், இரும்பு, கல் இவற்றில்தான். தேக்கு உத்திரம், தூண், நிலை, கிராதி எல்லாவற்றையும் கண்ணாலேயே எடை போட்டுவிட்டு, கூலியும் லாரி வாடகையும் கழித்து, மிச்சத்தில் ஒரு பகுதியை உங்களுக்குச் சொல்வார். அதில் தவறில்லை, அது அவர் தொழில். ஆனால் அந்தத் தொகையை நீங்கள் கையில் வாங்கிய நிமிடமே வீட்டுக்குள் இருக்கும் எல்லாம் அவருடையது. அப்புறம் போய் "நாலு கதவு மட்டும் பள்ளிக்கூடத்துக்குக் கொடுங்க" என்று கேட்டால், அது அவர் கையிலிருந்து கேட்கும் யாசகம். யாருக்கு எது என்பதை அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது, மெஷின். விலை போகும் மரத்தை அவர்களே முதலில் கையால் எடுத்துக்கொள்வார்கள். ஓடு, செங்கல், சாதாரண மரச் சட்டம் எல்லாம் வாளி பட்டு நொறுங்கி ரப்பிஷாகப் போகும். ஏழைக் குடும்பத்துக்கு உண்மையில் பயன்படக்கூடியவை அவைதான். அதனால் ஆள் வைத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். நாள் அதிகம் ஆகும், கூலியும் கூடும். ஆனால் உங்கள் வீடு சுண்ணாம்புக் காரையில் கட்டியது. அது பெரிய அதிர்ஷ்டம். சுண்ணாம்புக் கட்டுமானத்தில் கொத்துக்கரண்டியால் நாலு தட்டு தட்டினால் செங்கல் முழுசாகக் கழன்று வரும். சிமெண்டில் கட்டியிருந்தால் கலவை விடாது, கல்தான் உடையும்.

பிரிக்கும் வரிசை, கட்டிய வரிசைக்கு நேர் எதிர். மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து இணைப்பைத் துண்டித்துவிட்டுத்தான் யாரும் ஏணி வைக்க வேண்டும். பிறகு கதவுகளையும் ஜன்னல் பலகைகளையும் கீல் கழற்றி எடுங்கள். நிலையைத் தொட வேண்டாம். அடுத்து ஓடு, ஓட்டைத் தாங்கும் ரீப்பர், ரீப்பரைத் தாங்கும் கைமரம், கடைசியாக உத்திரம். அதற்கப்புறம் சுவரை மேலிருந்து வரிசை வரிசையாக இறக்குங்கள். சுவர் நிலையின் தலை மட்டத்துக்கு இறங்கிய பிறகு நிலை தானாகவே ஆடும், முழுசாக எடுக்கலாம். அவசரப்பட்டு முதலிலேயே கடப்பாரை போட்டு நெம்பினால், சுவருக்குள் நீண்டிருக்கும் மேல்சட்டம் முறிந்து, நிலை விறகாகிவிடும். நிறைய வீடுகளில் இதைப் பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

மெட்ராஸ் டெரஸ் விஷயத்தில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். தேக்குச் சட்டங்களுக்கு மேலே அச்சுக்கல் என்னும் சின்னச் செங்கல்லைக் குத்துவாட்டில் சுண்ணாம்பில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதித்திருப்பார்கள். ஒரு கல்லை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும் அமைப்பு அது. ஒரு வரிசையை எடுத்தால் பக்கத்து வரிசை எந்த நேரத்திலும் இறங்கும். கீழே யாரும் நிற்கவே கூடாது. மேலே இருப்பவர் சட்டத்தின் மேல் பலகை போட்டு, அந்தப் பலகையில்தான் நிற்க வேண்டும். ஹெல்மெட்டும் தடித்த செருப்பும் இல்லாத ஆளை ஏற்றாதீர்கள். என் அப்பா வாழ்நாள் முழுக்க இந்த வேலையில் இருந்தவர், அவர் கூட்டாளிகளில் சிலர் இப்படித்தான் போனார்கள்.

பாபநாசம்_மீனா எழுதியது:

தம்பி, இவ்வளவு விளக்கமாகச் சொன்னதற்கு நன்றி. ஆள் வைத்துப் பிரித்தால் காண்ட்ராக்டர் பணம் தருவது போய், நாங்கள் கையிலிருந்து போட வேண்டி வருமா? அண்ணன்களிடம் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

பழையமரக்கடை எழுதியது:

அம்மா, நான் பழைய கதவு, ஜன்னல் வாங்கி விற்கும் கடை வைத்திருக்கிறேன். வியாபாரியாகவே சொல்கிறேன். எல்லாவற்றையும் தானமாகக் கொடுக்க நினைக்காதீர்கள். கூடத்துத் தூணையும் பெரிய உத்திரத்தையும் விற்றுவிடுங்கள்.

காரணம் இதுதான். அந்தக் காலத்து வீட்டுத் தேக்கில் பெரும்பகுதி பர்மாத் தேக்கு. வைரம் பாய்ந்த மரம், இன்றைக்குத் தோட்டத்தில் வளர்த்து வெட்டும் இளந்தேக்கில் அந்த இறுக்கம் கிடைக்காது. அதற்கு நல்ல விலை உண்டு. ஆனால் சின்ன வீடு கட்டும் குடும்பத்துக்குப் பன்னிரண்டு அடி உத்திரத்தால் என்ன பயன்? அறுத்துச் சட்டமாக்க மில்லுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். பழைய மரம் என்றால் மில்காரர் தயங்குவார். உள்ளே ஒரு ஆணி ஒளிந்திருந்தால் அவருடைய ரம்பம் போய்விடும். எனவே பெரிய மரத்தை விற்று, அந்தப் பணத்தில் பிரிக்கும் கூலியையும் வண்டி வாடகையையும் கொடுங்கள். மீதியுள்ள நிலை, கதவு, ஜன்னல், ரீப்பர், ஓடு, கல் எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுங்கள். உங்கள் அண்ணன்களுக்கும் கையிலிருந்து பணம் போகாது. இப்படிச் செய்தால்தான் இந்தக் காரியம் கடைசி வரை நடக்கும். கூலிக்குப் பணமில்லாமல் பாதியில் நின்று, கடைசியில் ஜேசிபியைக் கூப்பிட்ட வீடுகள் இருக்கின்றன.

விற்கும்போது ஒரே ஆளிடம் மொத்தமாகப் பேசாதீர்கள். மரத்தைக் கன அடிக் கணக்கில் அளந்து எழுதிக்கொண்டு, இரண்டு மூன்று கடையில் கேளுங்கள். மேலே பெயிண்ட் இருந்தால் ஒரு ஓரத்தில் சுரண்டி, தேக்கா, வேம்பா, வேங்கையா என்று ஆசாரி ஒருவரை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கரையான் பெரும்பாலும் ஓரத்து வெள்ளைப் பகுதியைத்தான் தின்றிருக்கும். அதைச் செதுக்கி எடுத்துவிட்டால் உள்ளே வைரம் அப்படியே இருக்கும்.

செட்டிநாட்டுப்பேத்தி எழுதியது:

தூணை விற்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். யாருக்கு விற்கிறோம் என்று மட்டும் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பக்கத்தில் நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில், வீட்டைப் பராமரிக்க யாரும் இல்லை, கடைசியில் தூண் வாரியாக, கதவு வாரியாக வீடுகள் கழன்று போயின. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் கடை கடையாக அந்த வீடுகளின் துண்டுகளைப் பார்க்கலாம். எங்கெங்கோ ஓட்டல்களிலும் பண்ணை வீடுகளிலும் அலங்காரமாக நிற்கின்றன. அதே ஊரில் தன் வீட்டில் ஒரு தூண் உளுத்துப் போய், மாற்றுத் தூண் தேடும் ஆளுக்கு அது எட்டாத விலை.

உங்கள் வட்டாரத்திலேயே பழைய வீட்டைப் பழுது பார்த்துக் குடியிருப்பவர்கள் இருப்பார்கள். புதுச்சேரியிலும் பழைய வீடுகளைச் சீர்படுத்துபவர்கள் மெட்ராஸ் டெரஸுக்கு அச்சுக்கல்லும் தேக்குச் சட்டமும் தேடுகிறார்கள். முதலில் அவர்களிடம் கேளுங்கள். ஒரு வீட்டின் மரம் இன்னொரு வீட்டைத் தாங்கப் போனால், கொஞ்சம் குறைந்த விலையென்றாலும் கொடுக்கலாம்.

வீட்டையே பெயர்த்து வைத்ததும் உண்டு. சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் இருக்கும் வீடுகள் பல, இடிக்கப்பட இருந்தவற்றை வாங்கிப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியவைதான். கேரளத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறித்தவர் வீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மரவேலை எவ்வளவு நுணுக்கமாக மறுபடி பொருந்தியிருக்கிறது என்று. கர்நாடகத்து மணிப்பாலில் விஜயநாத் ஷெணாய், பழைய வீடுகளை இப்படிப் பெயர்த்து வைத்துக் காப்பாற்றத் தன் வாழ்நாளையே கொடுத்தார். பிரிக்கும்போது ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டு வைத்தால்தான் இதெல்லாம் முடியும். மீனா, உங்கள் தூணும் அதன் தலையில் இருக்கும் போதிகையும் எந்த மூலையில் இருந்தன என்று சாக்பீஸால் எண் எழுதி, படமும் எடுத்து வையுங்கள். வாங்குபவருக்கு அதுவே பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

ஓரிகன்_செல்வி எழுதியது:

நான் அமெரிக்காவில் போர்ட்லாண்டில் இருக்கிறேன். இங்கே இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். 1916ஆம் ஆண்டோ அதற்கு முன்போ கட்டிய வீட்டை அகற்றுவதென்றால், மெஷினால் நொறுக்கக் கூடாது, கையால் பிரித்துத்தான் எடுக்க வேண்டும் என்று 2016 அக்டோபர் இறுதியில் விதி வந்தது. அமெரிக்க நகரங்களில் இதுதான் முதல். 2020இல் அந்த ஆண்டு வரம்பை 1940 வரை நீட்டினார்கள். பிரிக்கும் வேலையைச் சான்று பெற்ற ஆட்கள்தான் செய்யலாம். பழைய வீட்டை மெஷினால் உடைக்கும்போது ஈயப் பெயிண்ட் தூசியும் ஆஸ்பெஸ்டாஸ் தூசியும் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போகிறது என்ற கவலையும் இந்த விதிக்குப் பின்னால் இருந்தது.

பிரித்த பொருளை வாங்கிக்கொள்ள இடம் இருப்பதுதான் பெரிய வசதி. ஹாபிடாட் ஃபார் ஹியூமானிட்டி நடத்தும் ரீஸ்டோர் கடைகள் ஊருக்கு ஊர் உண்டு. முதல் கடை 1991இல் கனடாவில் வின்னிபெக்கில் தொடங்கியது. கதவு, அலமாரி, குளியல் தொட்டி, விளக்கு, மிச்சமான டைல்ஸ் என்று எதைக் கொடுத்தாலும் எடுத்துக்கொண்டு, குறைந்த விலைக்கு விற்று, வரும் பணத்தை வீடில்லாதவர்களுக்கு வீடு கட்டச் செலவிடுகிறார்கள். கொடுப்பவருக்கு வருமான வரியில் சலுகையும் உண்டு. மதிப்பு 5,000 டாலருக்கு மேல் போனால் தகுதியுள்ள மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்க வேண்டும். பலரும் கூடுதல் கூலி கொடுத்துக் கையால் பிரிக்கச் சம்மதிப்பதற்கு அந்தச் சலுகை ஒரு முக்கியக் காரணம்.

நம் ஊரில் அந்த வரிச் சலுகை கிடையாது. நன்கொடையைப் பணமாகக் கொடுத்தால்தான் கழிவு, பொருளாகக் கொடுத்தால் இல்லை. இதை மாற்ற வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். இங்குள்ள வீடுகள் மரச்சட்டத்தில் நிற்பவை என்பதால் கிடைப்பதும் பெரும்பாலும் மரம்தான். நம் வீடுகளில் அதோடு செங்கல், ஓடு, கருங்கல் எல்லாம் கிடைக்கிறது. பழசை வாங்கி வைத்துக் கட்டும் பழக்கமும் நம்மிடம் எப்போதும் உண்டு. சட்டமும் கடையும் இருந்தால் இவர்களைவிட நாம் நன்றாகச் செய்வோம்.

கும்பகோணம்_சுந்தரம் எழுதியது:

எல்லாம் நல்ல எண்ணம்தான். ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. ஒரு வீட்டில் இருந்த நிலையைப் புது வீட்டில் வைக்கக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் சொல்வார்கள். தலைவாசலுக்குப் புது மரம்தான். வாங்குபவர்கள் ஏழை என்பதால் அவர்களுக்கு அந்த எண்ணம் இருக்காது என்று நினைக்காதீர்கள். வாய்விட்டுச் சொல்லாமல் வாங்கி வைத்துக்கொண்டு, மனதில் வருத்தப்படுவார்கள்.

புதுவை_ஆர்க்கிடெக்ட் எழுதியது:

சுந்தரம் ஐயா சொல்வது முக்கியமானது. கேட்டுவிட்டுக் கொடுங்கள். தலைவாசலுக்கு வேண்டாம் என்றால் அறைக்கதவாக, மாட்டுக் கொட்டகைக்கு, கழிவறைக்கு, பள்ளிக்கு என்று போகட்டும். அதே நம்பிக்கை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. பாட்டன் வீட்டு நிலையைப் புது வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பெருமையாக வைத்தவர்களும் இருக்கிறார்கள். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் எத்தனையோ வீடுகளுக்கு, இடித்த வீடுகளின் கதவையும் ஜன்னலையும் தேடி வாங்கிப் பொருத்தினார். திருவனந்தபுரம் நாலாஞ்சிறையில் அவர் தனக்காகக் கட்டிக்கொண்ட வீடும் அந்த வகைதான்.

என் பங்குக்கு, எதைக் கொடுக்கக் கூடாது என்று சொல்கிறேன். தானம் என்ற பெயரில் ஆபத்தைக் கைமாற்றிவிடக் கூடாது.

பின்கட்டில் எங்காவது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டிருந்தால் அதை யாருக்கும் கொடுக்காதீர்கள். இலவசமாகக் கூரை கிடைக்கிறதே என்று கேட்டு வருவார்கள். உடைத்தாலும் துளை போட்டாலும் நார் காற்றில் கலந்து நுரையீரலுக்குள் போகும். தண்ணீர் தெளித்து நனைத்து, உடைக்காமல் முழுசாக இறக்கி, சுற்றிக் கட்டித் தனியாக வையுங்கள். உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்தில் சொல்லி ஒப்படையுங்கள். கதவு, ஜன்னலில் இருக்கும் பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) கீழே வைக்கச் சொல்லும் விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் உப்புத்தாள் போட்டு உலர் தேய்ப்பு தேய்க்க விடாதீர்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் கண்டிப்பாகக் கூடாது. நனைத்துச் சுரண்டி, சுரண்டியதைக் கூட்டிக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். பெயிண்ட் உரிந்துகொண்டிருக்கும் கதவைப் பள்ளிக்கூடத்துக்கு அப்படியே அனுப்பாதீர்கள்.

வீட்டில் பிற்காலத்தில் போட்ட கான்கிரீட் ஏதாவது இருந்தால், அதிலிருந்து எடுக்கும் கம்பியை நிமிர்த்தி மறுபடி தூணுக்கோ பீமுக்கோ போடக் கூடாது. வளைத்து நிமிர்த்திய இடத்தில் கம்பி பலம் இழந்திருக்கும். இரும்புக் கடைக்குப் போடுங்கள், உருக்கித் திரும்ப வரும்.

செங்கல்லுக்கு வருவோம். இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தால் எடை 20 சதவீதத்துக்கு மேல் கூடக் கூடாது. உப்புப் பூத்துப் பொரிந்த கல்லைச் சுவருக்குக் கொடுக்காதீர்கள். அடிமட்டத்துக் கற்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், அவை கட்டாந்தரை நிரப்பப் போகட்டும்.

உடைந்த செங்கல் ஜல்லியாகும், தூள் சுர்க்கியாகும். சுண்ணாம்பு வேலை செய்பவர்கள் சுர்க்கியைக் கேட்டு வாங்குவார்கள். மிச்ச இடிபாட்டை வண்டிக்காரர் எங்கே கொட்டுகிறார் என்று நீங்களே பார்க்க வேண்டும். டெல்டாவில் வாய்க்கால் ஓரமும் குளத்தங்கரையும்தான் வசதியாகத் தெரியும். ஒரு வீட்டின் ரப்பிஷ் போதும், பாசன வாய்க்கால் ஒன்று அடைபடும். 2016இல் மத்திய அரசு கொண்டுவந்த கட்டுமான, இடிப்புக் கழிவு மேலாண்மை விதிகளில் நாளைக்கு 20 டன்னோ, ஒரு வேலைக்கு மாதம் 300 டன்னோ கழிவு வந்தால் கான்கிரீட், மண், இரும்பு மரம் பிளாஸ்டிக், செங்கலும் காரையும் என்று நான்காகப் பிரித்து வைக்கச் சொன்னார்கள். சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் மறுசுழற்சி ஆலைகள் இருக்கின்றன. சிற்றூர்களுக்கு அப்படி எதுவும் பக்கத்தில் இல்லை. அதனால் உங்கள் ஊரிலேயே யாருக்கு மனைக்கட்டு உயர்த்த மண்ணும் கல்லும் வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நாகை_இளங்கோ எழுதியது:

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு எங்கள் பகுதியில் வீடு கட்டும் வேலையில் இருந்தேன். பொருளாக உதவி வரும்போது என்ன நடக்கும் என்று நேரில் பார்த்தவன். அதில் கண்டதைச் சொல்கிறேன்.

ஊரில் இருக்கும் இருபது குடும்பத்துக்கும் ஆளுக்குக் கொஞ்சம் ஓடு என்று பிரித்துக் கொடுக்காதீர்கள். சீமை ஓடு ஒன்றோடொன்று பள்ளத்திலும் விளிம்பிலும் கவ்விக்கொள்ளும். ஒரு கம்பெனி ஓடு இன்னொரு கம்பெனி ஓட்டோடு சேராது. அச்சு கொஞ்சம் மாறினாலும் மழை உள்ளே வரும். ஓட்டின் முதுகில் கம்பெனி முத்திரை இருக்கும், அதைப் பார்த்து வகை பிரியுங்கள். ஒரு சதுர மீட்டர் கூரைக்குச் சுமார் 15 ஓடு வேண்டும். அந்தக் கணக்கில் உங்களிடம் இருப்பது இரண்டு கூரைக்குத்தான் காணும் என்றால், இரண்டே குடும்பத்துக்கு முழுசாகக் கொடுங்கள். முகட்டு ஓடு, ரீப்பர், கைமரம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். பாதி ஓட்டை வாங்கி வைத்திருப்பவர் மீதிக்குக் கடன்தான் வாங்க வேண்டும்.

யார் அந்த இரண்டு குடும்பம் என்பதை நீங்கள் தனியாக முடிவு செய்யாதீர்கள். பக்கத்து வீடுகளில் மனஸ்தாபம் வரும். மகளிர் குழுவிலோ ஊர்க் கூட்டத்திலோ பேசட்டும். மழையில் எந்தக் கூரை முதலில் ஒழுகும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. 2024இல் தமிழக அரசு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் கொடுக்கிறார்கள். கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சுவரும் கூரையும் முடிவதற்குள் கை சுருங்கிவிடும். கதவு, ஜன்னல் வாங்கக் காசில்லாமல் சாக்கைத் தொங்கவிட்டுக் குடிபோனவர்கள் இருக்கிறார்கள். உங்களிடம் இருக்கும் ஜன்னல்களை அப்படி நிற்பவர்களுக்குக் கொடுங்கள். அதற்கு ஒரே நிபந்தனை, சுவர் எழும்புவதற்கு முன்பே ஜன்னல் அளவு அவர்கள் கையில் இருக்க வேண்டும். கட்டி முடித்த திறப்புக்குள் பழைய ஜன்னல் சேராது. உங்கள் ஒவ்வொரு ஜன்னலையும் அளந்து, நீளம், அகலம், சட்டத் தடிப்பு மூன்றையும் எழுதி, இப்போதே ஊரில் சொல்லி வையுங்கள். பழைய பொருளைப் பயன்படுத்தலாமா என்று ஒன்றியப் பொறியாளரிடம் பயனாளியே முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளட்டும்.

கொடுப்பதை வீட்டு வாசல் வரை கொண்டுபோய் இறக்குங்கள். "வந்து எடுத்துக்கங்க" என்று சொன்னால், வண்டி வைத்திருப்பவன்தான் வந்து எடுப்பான்.

வலிகாமத்தான் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். வாசித்துக்கொண்டு வரும்போது மனம் கனத்துப் போனது. எங்கள் சனம் 1990இல் யுத்தத்தால் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தது. பிறகு ராணுவம் கட்டம் கட்டமாகக் காணிகளை விட்டபோது போய்ப் பார்த்தால், வீடுகளில் கூரை இல்லை, நிலை இல்லை, ஜன்னல் இல்லை. பல இடங்களில் சுவரும் இல்லை. யார் கழற்றினார்கள், எங்கே கொண்டுபோனார்கள் என்று கேட்க வழியில்லை. அந்த மரங்கள் எங்கோ ஒரு வீட்டைத் தாங்கிக்கொண்டிருக்கும். கேட்டுக் கொடுத்தது அல்ல என்பதுதான் நெஞ்சில் நிற்கிறது. உங்கள் தாத்தா வீட்டுப் பொருள் உங்கள் கையாலேயே, பெயர் சொல்லி ஒருவருக்குப் போகிறது. அது பெரிய காரியம், தங்கச்சி.

நடைமுறைக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் பழைய மரம் ஏற்றின வாகனத்தை மறித்துக் கேட்பார்கள். உங்கள் பக்கத்திலும் கேட்கக்கூடும். எந்த வீட்டில் கழற்றியது, யாருக்குக் கொடுத்தது, எத்தனை துண்டு என்று எழுதி, உரிமையாளர் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, வீடு நின்றபோது எடுத்த படத்தையும் சேர்த்து வண்டியோடு அனுப்புங்கள். வாங்குகிற ஏழைச் சனத்துக்கு அந்தக் கடிதம்தான் காவல்.

பனஞ்சிலாகை ஏதும் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். முற்றின பனையில் அறுத்த சிலாகை நனையாமல் இருந்தால் தலைமுறைக்கும் கிடக்கும். எங்கள் ஊரில் பழைய வீட்டுச் சிலாகையைக் கழற்றி மாட்டுக் கொட்டிலுக்கும் அடுக்களைக்கும் போடுவது வழக்கம்.

பாபநாசம்_மீனா எழுதியது:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. யாழ்ப்பாணத்து ஐயா, நீங்கள் எழுதியதை அண்ணன்களுக்கு வாசித்துக் காட்டினேன். பெரிய அண்ணன் ரொம்ப நேரம் பேசவே இல்லை. பிறகு அவரே டேப் எடுத்துக்கொண்டு ஜன்னல் அளக்கக் கிளம்பிவிட்டார்.

முடிவு செய்தது இது. கூடத்துத் தூண்களையும் பெரிய உத்திரங்களையும் விற்கிறோம். பழுது பார்க்க மரம் தேடுபவர்களுக்கு முதல் உரிமை, அவர்கள் எடுக்காததைக் கடைக்குக் கொடுப்போம். அந்தப் பணம் பிரிக்கும் கூலிக்கும் வண்டிக்கும். ஓடு இரண்டு வகை முத்திரையாக இருக்கிறது, பெரும்பகுதி ஒரே வகை. மகளிர் குழு அக்காக்களிடம் பேசிவிட்டேன், யாருக்கு என்று அவர்கள் சொல்வார்கள். பள்ளித் தலைமை ஆசிரியரிடம் கழிவறைக் கதவு பற்றிக் கேட்டேன். மரக்கதவு தண்ணீரில் ஊறிப்போகும், கழிவறைக்கு வேண்டாம், அதற்குப் பதிலாக நூலக அறைக்கு இரண்டு ஜன்னலும் ஒரு அலமாரியும் தர முடியுமா என்றார். தாத்தாவின் சுவர் அலமாரிக் கதவுகளும் கடப்பாக்கல் தட்டுகளும் அங்கே போகின்றன. பெயிண்டை நனைத்துச் சுரண்டிய பிறகுதான் அனுப்புவோம். பின்னால் குளியலறைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருக்கிறது. ஆர்க்கிடெக்ட் சொன்னபடி ஊராட்சியில் எழுதிக் கொடுத்திருக்கிறோம், பதில் வரும் வரை அதைத் தொடாமல் விட்டிருக்கிறோம்.

இரண்டு கேள்வி பாக்கி. காண்ட்ராக்டரிடம் ஒப்பந்தம் எப்படி எழுதுவது? பிரித்ததை எல்லாம் உடனே எடுத்துப்போக முடியாது, சில குடும்பம் தை பிறந்துதான் வேலை தொடங்கும். அதுவரை எப்படி வைப்பது?

கொத்தனார்மகன் எழுதியது:

அக்கா, ஒப்பந்தத்தில் இரண்டு பட்டியல் இருக்கட்டும். ஒன்றில் விற்கும் மரம், அளவோடு. இன்னொன்றில் கொடுக்கும் பொருள், எண்ணிக்கையோடு. இரண்டாம் பட்டியலில் இருப்பது எதுவும் காண்ட்ராக்டருடையது அல்ல என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். அவருக்குக் கூலி நாள் கணக்கில் வேண்டாம், முழுசாக இறங்கிய ஓட்டுக்கும் கல்லுக்கும் எண்ணிக்கைக் கணக்கில் கொடுங்கள். உடையாமல் இறக்கினால் தனக்கு லாபம் என்றால் ஆட்கள் கை தானாக நிதானமாகும். சுவர் இறங்கும் வரை ஜேசிபி உள்ளே வரக் கூடாது, அஸ்திவாரம் தோண்டும்போது மட்டும் வரலாம் என்றும் எழுதுங்கள். ஆட்களுக்குக் காப்பீடு இருக்கிறதா என்று கேட்டு, அந்தத் தாளின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.

தை வரை வைப்பதென்றால் நடுவில் ஐப்பசி, கார்த்திகை மழை இருக்கிறது. முடிந்தால் ஓட்டுக் கூரையையே தை வரை பிரிக்காமல் விட்டுவிடுங்கள். ஓட்டுக்கு அதைவிட நல்ல கிடங்கு கிடையாது. சாய்ந்த சுவருக்கு மட்டும் முட்டுக்கொடுத்து, அந்தப் பக்கம் யாரும் போகாமல் கயிறு கட்டுங்கள். இப்போது கழற்றும் கதவு, ஜன்னல்களைத் தரையில் படுக்க வைக்காமல், செங்கல் மேல் கட்டை போட்டு அடுக்குங்கள். இரண்டு பலகைக்கு நடுவில் ரீப்பர் துண்டு வைத்தால் காற்றுப் போகும், வளையாது. தார்ப்பாயை மேலே மட்டும் போடுங்கள், பக்கம் திறந்திருக்கட்டும். சுற்றி மூடிக் கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். கீல், தாழ்ப்பாள், கொண்டி எல்லாவற்றையும் அந்தந்தக் கதவோடேயே துணியில் முடிந்து கட்டிவிடுங்கள். தனியாகச் சாக்கில் போட்டால் அப்புறம் எது எதற்கென்று தெரியாது.

ஜன்னல் அளவுகளை இங்கேயும் போடுங்கள். வலங்கைமானில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இப்போதுதான் அஸ்திவாரம் போட்டிருக்கிறது, அவர்களுக்கு மூன்று ஜன்னல் வேண்டும்.

பாபநாசம்_மீனா எழுதியது:

ஒரே அளவில் நான்கு இருக்கிறது தம்பி, நாலடி உயரம், மூன்றடி அகலம், சட்டத் தடிப்பு மூன்று அங்குலம், குறுக்கே இரும்புக் கம்பி போட்டது. அண்ணன் அவற்றில் அடையாளம் போட்டு வைத்துவிட்டார். அவர்களை ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கச் சொல்லுங்கள், நாங்கள் மூவருமே வீட்டில் இருப்போம்.